தோப்பு வீட்டு மின்சாரத்தில் கேம்பிங் டிரெய்லர்: சில ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

ஆழியாறு, திருமூர்த்தி மலை அடிவாரம், பவானிசாகர் எனச் சில ஆண்டுகளாகக் குடும்பத்தோடு டிரெய்லரை (காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும், உள்ளே தங்கும் வசதியுள்ள வண்டி) இழுத்துக்கொண்டு போய் வருகிறோம். டிரெய்லருக்கென்றே அமைத்த மின் இணைப்பு நம் பக்கத்தில் அரிது என்பதால், தெரிந்தவர்களின் தோப்பு வீட்டுச் சுவரில் இருக்கும் 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட்தான் பெரும்பாலும் வாய்க்கிறது. கிணற்று மோட்டாருக்கான இலவச விவசாய இணைப்பில் மட்டும் நாங்கள் செருகுவதில்லை. அந்த மின்சாரத்தை வேறு உபயோகத்துக்கு எடுப்பது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி நிலத்துக்காரர் தலையில்தான் விடியும்.

டிரெய்லர் ரப்பர் டயர்களின் மேல் நிற்கிறது. உள்ளே ஒரு ஒயர் உராய்ந்து வண்டியின் உலோக பாடியில் பட்டால், எர்த் இல்லாத நிலையில் வண்டி முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று கைப்பிடியைத் தொடுபவர் வழியாகத்தான் அது மண்ணுக்கு இறங்கும். ஆகவே எந்த இடத்திலும் முதல் வேலை எர்த்தைச் சோதிப்பதுதான். ஆழியாறு பக்கத்துத் தோப்பு ஒன்றில், "டெஸ்டர் எரியுதுங்களே, அப்புறம் என்னங்க?" என்று தோட்டத்துக்காரர் கேட்டார். டெஸ்டர் பேஸ் இருப்பதை மட்டுமே காட்டும். ஹோல்டரில் மாட்டிய 60 வாட் குண்டு பல்பைப் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வைத்தபோது பளிச்சென்று எரிந்தது. பேஸுக்கும் எர்த்துக்கும் மாற்றியதும் கம்பி மட்டும் சிவந்து மங்கியது. கோடையில் எர்த் குழி காய்ந்து கிடந்ததே காரணம். நாலைந்து குடம் தண்ணீர் ஊற்றிய பிறகு பல்பு தேறியது. எர்த் ஒயர் அறுந்திருந்தால் பல்பு வழியாக அந்த ஒயரிலேயே மின்சாரம் ஏறும் என்பதால், இந்தச் சோதனையை மின் வேலை தெரிந்தவர் செய்வதும், அந்நேரம் யாரும் வீட்டின் பிரிட்ஜையோ கிரைண்டரையோ தொடாமல் பார்ப்பதும் அவசியம். வீட்டில் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் மண்ணுக்குக் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இருந்தால் பல்பை எர்த்தில் வைத்ததுமே அது விழுந்துவிடும், அதாவது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதுவும் நல்ல அறிகுறியே.

டிரெய்லருக்குள் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்ததைத்தான் இத்தனை செலவுகளில் உருப்படியானதாகக் கருதுகிறேன். எர்த்தின் தடை 200 ஓம் என்றால், பாடியில் பேஸ் பட்டாலும் ஓடுவது சுமார் 1.15 ஆம்பியர்தான், 16 ஆம்பியர் எம்.சி.பி. (அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் துண்டிக்கும் சுவிட்ச்) அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது, ஆர்.சி.சி.பி.யோ கண்ணிமைக்கும் நேரத்தில் விழும். ஆனால் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுகிறதா என்று பார்ப்பது கருவியின் நலத்தைத்தான் சொல்லும். எர்த்தே இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டன் வேலை செய்யும். பேஸும் நியூட்ரலும் இடம் மாறிய பாயிண்டுகள் பழைய வீடுகளில் சகஜம் என்பதால், இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் டபுள் போல் எம்.சி.பி.யையே போட்டிருக்கிறோம்.

கேபிள் 2.5 சதுர மில்லிமீட்டர், மூன்று கோர் காப்பர், 25 மீட்டர். இத்தனை காலமாகியும் அதில் குறையில்லை. பாயிண்ட் பக்கத்தில் இருந்தாலும் சுருளை முழுவதும் பிரித்தே போடுகிறோம், சுருளாகக் கிடந்தால் ஏசி ஓடும்போது சூடு வெளியேற வழியின்றி இன்சுலேஷன் இளகும். தேய்ந்தது பிளக்தான். லூஸான பாயிண்டுகளில் செருகிச் செருகி ஒரு பின் பழுப்பேறி, பக்கத்துப் பிளாஸ்டிக்கும் உருகத் தொடங்கியதும் மாற்றினோம். அரை மணி நேரம் ஏசி ஓடிய பின் சுவிட்சை அணைத்துப் பிளக்கைத் தொட்டுப் பார்ப்பது இப்போது வழக்கம். கை பொறுக்காத சூடு இருந்தால் அங்கே மின்விசிறியும் விளக்கும் மட்டும்தான்.

வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் துண்டிக்கும் கருவியைப் பற்றி வீட்டில் இன்னும் புகார் உண்டு: பக்கத்துக் கிணற்று மோட்டார் கிளம்பும்போதெல்லாம் அது விழுந்து ஏசி நின்றுவிடுகிறது. மும்முனை இணைப்பில் நியூட்ரல் கழன்றால் 230 இருக்க வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரை ஏறக்கூடும் என்பதால், தூக்கம் கெட்டாலும் அதைக் கழற்ற நான் சம்மதிக்கவில்லை.