ஆங்கர்: கொலைகாரனுக்கு வக்காலத்து வாங்கும் ஒரு நல்ல வாதம்

'லா அண்ட் ஆர்டர்: எஸ்.வி.யூ' என்ற அமெரிக்க போலீஸ், கோர்ட் தொடரை 1999ல் ஆரம்பித்த நாளிலிருந்து விடாமல் பார்ப்பவன் இல்லை நான், அவ்வப்போது எட்டிப் பார்ப்பதோடு சரி. ஆனால் 11ஆவது சீசனில், 2009 டிசம்பரில் என்.பி.சி. சேனலில் வந்த 'ஆங்கர்' எபிசோடை மட்டும் மூன்று தடவை பார்த்துவிட்டேன். அவ்வளவு பிரமாதமா என்றால் இல்லை, பாதி இடங்களில் எரிச்சல்தான் வருகிறது. ஆனால் அதிலிருக்கும் ஒரு யோசனை என்னை விட மாட்டேன் என்கிறது.

நியூயார்க்கில் குழந்தைகள் கொல்லப்படுகிறார்கள். ஆவணமில்லாமல் குடியேறியவர்களுக்கு அங்கே பிறந்த குழந்தைகள். 1868ல் வந்த, அமெரிக்க அரசியல் சாசனத்தின் 14ஆவது திருத்தப்படி இவர்கள் அமெரிக்கக் குடிமக்கள்தான். அங்கே பிறந்தால் குடியுரிமை உண்டு என்பதை 1898ல் வோங் கிம் ஆர்க் வழக்கில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. இவர்களை 'ஆங்கர் பேபி' என்று இளக்காரமாகச் சொல்வார்கள், பெற்றோர் அங்கேயே தங்கிவிடுவதற்காகப் போட்ட நங்கூரமாம். தமிழில் ஆங்கர் என்றால் நமக்கு நிகழ்ச்சித் தொகுப்பாளர்தான், அந்த அர்த்தமும் தலைப்புக்குப் பொருந்திப்போகிறது, ஏனென்றால் கதையின் இன்னொரு முனையில் கோர்டன் கேரிசன் என்றொரு பேச்சு நிகழ்ச்சிக்காரர் உட்கார்ந்துகொண்டு குடியேறிகள்மேல் வெறுப்பை அள்ளிக் கொட்டுகிறார்.

குற்றவாளியைத் தேடும் பகுதி வழக்கமான ஓட்டம்தான். வழக்கு நீதிமன்றம் போன பிறகுதான் சூடு பிடிக்கிறது. ஜான் லாரோகெட் நடித்திருக்கும் ராண்டல் கார்வர் என்ற வக்கீல், கொலைகாரனுக்காக ஆஜராகி, என் கட்சிக்காரனின் மூளையைக் கெடுத்ததே கேரிசனின் பேச்சுதான் என்று வாதாடுகிறார். (பழைய 'நைட் கோர்ட்' காமெடித் தொடரில் அரசு வழக்கறிஞராக வந்து வரிசையாக நான்கு எம்மி டிவி விருது வாங்கிய அதே லாரோகெட்!) அவர் பேசப் பேச நமக்கும் சரிதானே என்று தலை ஆடுகிறது. அப்புறம்தான் உறைக்கிறது, நாம் தலையாட்டுவது குழந்தைகளைக் கொன்றவன் தப்பிப்பதற்கு! இனவெறிப் பேச்சைக் கண்டிக்கும் நியாயமான வாதத்தை அப்படியே எடுத்து இனவெறிக் கொலைகாரன் கையில் கேடயமாகக் கொடுத்துவிட்டார்கள். இந்தத் தைரியத்துக்காகவே எத்தனை குறையையும் பொறுத்துக்கொள்ளலாம்.

கேரிசனைத் தூக்கி உள்ளே போட்டால் என்ன என்று தோன்றும். அங்கே அது நடக்கிற காரியமில்லை. 1969ல் பிராண்டன்பர்க் வழக்கில், அதுவும் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் தலைவர் ஒருவரின் வழக்கு, உடனடி வன்முறையைத் தூண்டும் நோக்கமும் அது நடப்பதற்கான வாய்ப்பும் இருந்தால்தான் பேச்சைத் தண்டிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'யாராவது ஏதாவது செய்ய வேண்டும்' என்று தினமும் மைக்கில் புலம்புவது அந்த வலையில் சிக்காது.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். கார்வர் ஒரு வசனத்தில் லிம்பா, பெக், ஓ'ரைலி என்று நிஜமான வலதுசாரிப் பேச்சு நிகழ்ச்சிக்காரர்களின் பெயர்களையே போட்டுத் தாக்குகிறார். கற்பனையாக ஒரு கேரிசனை உருவாக்கிய பிறகு இது எதற்கு? பில் ஓ'ரைலி தன் நிகழ்ச்சியில் தொடரின் தயாரிப்பாளர் டிக் உல்ஃபை வறுத்தெடுத்தார், எபிசோட் கேட்ட கேள்வி அந்தச் சண்டையில் காணாமல் போனது. அதைவிட, இந்தக் குரல்கள் எப்படி இவ்வளவு பெரிதாயின என்ற பக்கமே கதை போகவில்லை. இரு தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்ற ஒலிபரப்பு விதியை, ரேடியோ, டிவியை ஒழுங்குபடுத்தும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.சி.சி. 1987ல் கைவிட்டது, அடுத்த வருஷமே ரஷ் லிம்பா நாடு முழுக்க ரேடியோவில் ஒலிக்க ஆரம்பித்தார். அதற்குச் சில வருஷம் முன்னால், 1984ல், டென்வரில் ஆலன் பெர்க் என்ற யூத ரேடியோ தொகுப்பாளரை, அவரும் நேயர்களைச் சீண்டிப் பேசுகிறவர்தான், வெள்ளை இனவெறிக் கும்பல் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றது. அப்போது மைக்கில் இருந்தவர் செத்தார். கதையில் மைக்கில் இருப்பவர் பேச்சைக் கேட்டவன் கொல்கிறான். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு காட்சி எழுதியிருந்தால் எங்கேயோ போயிருக்கும்.

முடிவை நான் சொல்லப்போவதில்லை. தீர்ப்புக்குப் பிறகு ஓர் அதிர்ச்சி வேண்டும் என்று யாரோ அடம் பிடித்திருக்கிறார்கள், கட்டிவைத்த அந்த நல்ல சிக்கலை அது ஒரே போடாகப் போட்டு உடைக்கிறது. மூன்றாவது தடவை பார்த்தபோது தீர்ப்பு வந்ததுமே டிவியை அணைத்துவிட்டேன்.