மூடிய சுற்றுக் குளிரூட்டலில் நீரின் தரமும் கசிவும்: பயன்பாட்டு அனுபவம்

தொழிற்கூடம் ஒன்றில், ஒரே நீர் வெளிக்காற்று படாமல் குழாய்களுக்குள்ளேயே சுற்றிவரும் மூடிய சுற்றுக் குளிரூட்டல் அமைப்பைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். இதுவரை பொருத்திய கருவிகளில் மிகவும் பயன்பட்டது எது என்று கேட்டால், குறையும் நீரை ஈடுசெய்யும் நிரப்பு நீர்க் குழாயில் உள்ள சாதாரண வாட்டர் மீட்டரைத்தான் முதலில் சொல்வேன். நீரைக் காற்றில் படவிட்டுக் குளிர்விக்கும் கூலிங் டவரில் அது ஆவியாகிக் குறைவது இயல்பு. மூடிய சுற்றில் ஆவியாதல் அநேகமாக இல்லை என்பதால், மீட்டர் தொடர்ந்து ஓடினால் எங்கோ நீர் வெளியேறுகிறது என்றே பொருள். மீட்டர் இல்லாமல் தானியங்கி நிரப்பு வால்வு மட்டும் இருக்கும் இடங்களில், அந்த வால்வே கசிவை ஈடுகட்டி மறைத்துவிடும். அழுத்தமானியும் பம்பும் எந்தக் குறையும் காட்டா. ஆனால் அரிப்புத் தடுப்பு ரசாயனம் நாளுக்கு நாள் நீர்த்துப் போவதோடு, புது நீருடன் கரைந்து வரும் ஆக்ஸிஜன் எஃகுக் குழாயை உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும்.

எங்கள் சுற்றில் எஃகும் செம்பும் கலந்திருப்பதால், அரிப்புத் தடுப்பாக எஃகுக்கு நைட்ரைட்டும் செம்புக்கு டோலைல்ட்ரையசோலும் சேர்த்து, பிஎச் அளவை 9-க்கும் 10-க்கும் இடையில் வைத்திருக்கிறோம். அலுமினியம் உள்ள அமைப்புகளுக்கு இந்த அளவு ஒத்துவராது. காரத்தன்மை மிகுந்தால் அதன் காப்புப் படலமே கரைந்துவிடும். நைட்ரைட் 700 முதல் 1000 பிபிஎம் வரை இருக்குமாறு பார்த்துக்கொள்கிறோம். அது குறைந்தவுடன் மேலும் கொட்டுவதுதான் பலரின் வழக்கம். ஏன் குறைந்தது என்று பார்ப்பதே முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து. நைட்ரைட்டும், கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் நீரின் மின் கடத்துத்திறனும் சேர்ந்து இறங்கினால் நீர் வெளியேறிப் புது நீர் வந்திருக்கிறது. கடத்துத்திறன் அப்படியே இருக்க நைட்ரைட் மட்டும் இறங்கினால், பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றியிருக்க வாய்ப்பு அதிகம். நிரப்பு நீரே உப்பு மிகுந்ததாக இருந்தால் கடத்துத்திறனை மட்டும் நம்ப இயலாது. அதனால் சிறிதளவு மாலிப்டேட் சேர்த்து அதையும் அளக்கிறோம். பாக்டீரியா அதைத் தின்பதில்லை. ஆகவே அது குறைந்தால் பெரும்பாலும் கசிவுதான். பாக்டீரியா என்று தெரிந்தால் குளோரின் பயன்படாது, அது நைட்ரைட்டையே ஆக்ஸிஜனேற்றி வீணாக்கும். குளூட்டரால்டிஹைடு போன்ற, ஆக்ஸிஜனேற்றாத கிருமிக்கொல்லிதான் வேண்டும்.

கசிவின் இடத்தைக் கண்டறிவது தனி உழைப்பு. சூடான பம்பின் சுழல்தண்டைச் சுற்றி நீரை அடைக்கும் மெக்கானிக்கல் சீலில் கசியும் நீர் சொட்டுவதற்கு முன்பே உலர்ந்துவிடுகிறது. சீலைச் சுற்றி வெண்மையாகப் படியும் உப்புத்தடம் மட்டுமே அடையாளம் என்பதால், அதைத் துடைத்துவிட்டு மறுநாள் மீண்டும் பார்க்க வேண்டும். மறைவான இணைப்புகளுக்கு ஃப்ளூரசீன் சாயமும் புற ஊதா விளக்கும் நன்கு கைகொடுத்தன. சுற்றின் நீரையும் டவர் நீரையும் மெல்லிய தகடுகளால் பிரித்து வெப்பத்தை மட்டும் கடத்தும் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் உட்கசிவு இவற்றுக்கு எட்டாது. சுற்றின் அழுத்தம் கூடுதலாக இருந்தால் நைட்ரைட் கூலிங் டவர் பக்கம் போகும். அங்கே காரணமின்றிக் குளோரின் தேவை உயர்ந்தால் டவர் நீரில் நைட்ரைட் சோதனை செய்வது நல்லது. டவர் பக்க அழுத்தம் கூடுதலாக இருந்தால் சுற்றுக்குள் கடினத்தன்மையும் குளோரைடும் ஏறும். அப்போது நான் இவ்வளவு புகழ்ந்த வாட்டர் மீட்டர் அசையாது.

கசிவே இல்லாமலும் மீட்டர் ஓடலாம். சூடாகி விரியும் நீருக்கு இடம் தரும் விரிவுத் தொட்டியின் காற்றுப்பை அழுத்தம் இழந்துவிட்டால், நீர் சூடாகும்போது பாதுகாப்பு வால்வு கொஞ்சம் வெளியேற்றும், குளிரும்போது நிரப்பு வால்வு அதை ஈடுகட்டும். குழாய்களைத் தேடிப் பயனில்லை. அழுத்தச் சோதனையும் நீரின் வெப்பநிலை நிலைபெற்ற பிறகே செய்யத்தக்கது, ஏனெனில் குளிர்ந்து சுருங்கும் நீரே முள்ளைக் கீழே இறக்கிவிடும்.

தொடர் அளவீட்டுக் கருவிகளில் கடத்துத்திறன் உணரியில் திருப்தி உண்டு. பிஎச் உணரி இரும்புத் துகள் படிந்து பிறழ்வதால், அடிக்கடி சுத்தம் செய்து அளவுதிருத்த ஆள் இல்லாத இடத்துக்குப் பரிந்துரைக்க மாட்டேன். ஓட்டத்தின் ஒரு பகுதியை மட்டும் வடிகட்டும் பக்கவழி வடிகட்டி அவசியமானது. அதில் சேரும் கறுப்புத் துகள் பெரும்பாலும் மேக்னடைட் என்னும் காந்தத்தில் ஒட்டும் இரும்பு ஆக்சைடு என்பதால், காந்தம் உள்ள வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.