ஹேண்ட்பிரேக்: மூன்று கணினிகளும் ஒரு நலுங்கு டிவிடியும்

பழைய கல்யாண டிவிடியை எம்பி4 ஆக மாற்ற எந்த மென்பொருள் வாங்கலாம் என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். எதையும் வாங்க வேண்டாம், ஹேண்ட்பிரேக் போட்டுக்கொள்ளுங்கள் என்பதுதான் என் பதில். பட்டுக்கோட்டையில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். 1999-லிருந்து கேமரா தூக்குகிறேன். இப்போது படம் எடுக்கிற வேலைக்குச் சமமாக இந்த மாற்றுகிற வேலையும் வருகிறது. பெரும்பாலான வீடுகளில் டிவிடி பிளேயர் போய்விட்டது, புது லேப்டாப்பில் டிஸ்க் போட இடமே இல்லை. இதற்கு முன்னால் ஒரு கட்டண மென்பொருளின் சோதனைப் பதிப்பை நம்பி மூன்று மணி நேரம் ஓடவிட்டேன். தாலி கட்டும் இடத்தில் திரைக்கு நடுவே தன் பெயரைப் பெரிதாக அச்சடித்துக் கொடுத்தது. அன்றோடு அதை விட்டேன்.

ஹேண்ட்பிரேக் முழுக்க இலவசம், நிரலும் திறந்தே கிடக்கிறது. எரிக் பெட்டி என்பவர் 2003-ல் பிஓஎஸ் என்ற இயங்குதளத்துக்காக எழுதத் தொடங்கியது. 1.0 என்ற எண்ணைத் தொட்டதே 2016 டிசம்பரில்தான். இன்றைக்கு விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. அன்னாசிப்பழப் படம் போட்டிருக்கும், பார்த்ததும் தெரியும். ஆனால் இறக்கும் இடத்தில் கவனம் வேண்டும். அவர்களுடைய தளம் ஹேண்ட்பிரேக் டாட் எஃப்ஆர் மட்டும்தான். தேடினால் அதே பெயரில் வேறு முகவரிகளும் வரும், அவற்றைத் தொடாதீர்கள். 2017 மே மாதத் தொடக்கத்தில் அவர்களுடைய பதிவிறக்க சர்வர் ஒன்றிலேயே யாரோ புகுந்து, மேக் பதிப்புக்குப் பதிலாக வைரஸ் கலந்த கோப்பை வைத்துவிட்டார்கள். நான்கு நாள் அது அப்படியே இருந்தது. அதைக் கண்டுபிடித்ததும் மறைக்காமல் வெளியில் சொன்னார்கள். எனக்கு அவர்கள்மேல் மதிப்பு கூடியது அதனால்தான். இறக்கிய கோப்பின் செக்சம் எண்ணை, அதாவது கோப்பு மாறவில்லை என்று காட்டும் அடையாள எண்ணை, தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

என் கடையில் விண்டோஸ் 11 எடிட்டிங் கணினி ஒன்று, உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட பழைய ஐ3 கணினி ஒன்று. மகள் விடுமுறைக்கு வரும்போது அவளுடைய எம்1 மேக்புக்கும் சேர்ந்துகொள்ளும். மூன்றிலும் மென்பொருள் ஒன்றுதான், ஆனால் முட்டுக்கட்டை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி.

விண்டோஸில் நிறையப் பேர் முதல் நாளே மாட்டுவது டாட்நெட் என்ற மைக்ரோசாஃப்ட் துணை மென்பொருள் விஷயத்தில். ஐகானைச் சொடுக்கினால் மென்பொருள் திறக்காது, டாட்நெட் போடச் சொல்லும். அங்கே தேவைப்படுவது 'டெஸ்க்டாப் ரன்டைம்' என்ற வகை. வெறும் ரன்டைமைப் போட்டுவிட்டு மறுபடியும் திறக்கவில்லை என்று எனக்குப் போன் செய்தவர்கள் உண்டு. எனக்கு வந்த தொல்லை வேறு. ஒரு நாள் எந்த வீடியோவைக் கொடுத்தாலும் தொடங்கிய நொடியே தோல்வி என்று நின்றது. அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன், கணினியை அணைத்துப் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம்தான் ஆக்டிவிட்டி லாக் என்ற பதிவைத் திறந்து படித்தேன். எழுத வேண்டிய கோப்பைத் திறக்க முடியவில்லை என்று அதில் நேராகவே இருந்தது. விண்டோஸ் பாதுகாப்பில் 'கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்று ஒன்று உண்டு. அது இயங்கினால் தெரியாத மென்பொருள் எதையும் வீடியோஸ், டாக்குமென்ட்ஸ் கோப்புறைகளில் எழுத விடாது. டி டிரைவில் புதுக் கோப்புறை போட்டு அங்கே சேமிக்கச் சொன்னேன், ஓடியது. அரை நாள் போனது, காரணம் அந்த ஒரு வரியில் இருந்தது. இப்போதெல்லாம் எது நின்றாலும் முதலில் லாகைத்தான் திறக்கிறேன்.

சரி, அந்த நலுங்கு டிவிடிக்கு வருகிறேன். போன ஆவணியில் முத்துப்பேட்டையிலிருந்து ஒரு அக்கா வந்தார். 2006-ல் நடந்த தங்கை கல்யாண டிஸ்க், கீறல் விழுந்து ஒரு பக்கம் மங்கியிருந்தது. "தம்பி, கல்யாணம் முழுசா வராட்டியும் பரவாயில்ல. நலுங்குல எங்க ஆத்தா பாடுன பாட்டு இருக்கு, அது வந்தா போதும்" என்றார். "பார்த்துடலாம்க்கா, ஒரு வாரம் கொடுங்க" என்று வாங்கி வைத்தேன்.

விண்டோஸில் போட்டால் ஹேண்ட்பிரேக் டிஸ்க்கைத் தேடிக்கொண்டே இருந்தது, பிறகு எடுக்கத்தக்க மூலம் எதுவும் இல்லை என்றது. இதற்கு ஹேண்ட்பிரேக்கைக் குறை சொல்ல முடியாது. டிஸ்க்கிலிருந்து தரவே வராவிட்டால் அது எதை மாற்றும்? உபுண்டுவில் டிடி ரெஸ்க்யூ என்று ஒரு கருவி இருக்கிறது. படிக்க முடிந்ததை முதலில் அள்ளிக்கொள்ளும், முரண்டுபிடிக்கும் இடங்களை ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொண்டு கடைசியில் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். டிஸ்க்கை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்துவிட்டு ஓடவிட்டேன். முதல் சுற்றில் நலுங்குப் பகுதியில்தான் நிறைய ஓட்டை. அதே மேப் கோப்பை வைத்துக்கொண்டு டிஸ்க்கை வெளியே எடுத்து, யுஎஸ்பி டிரைவ் ஒன்றில் போட்டுத் தொடர்ந்தேன். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும். இரவு முழுக்க ஓடி, காலையில் பார்த்தால் மிகக் கொஞ்சம்தான் பாக்கி. கிடைத்த ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது முழு டிஸ்க்கின் நகலை, கொடுத்ததும் ஹேண்ட்பிரேக் மறுபேச்சில்லாமல் திறந்தது. லினக்ஸில் ஹேண்ட்பிரேக்கை ஃபிளாட்பேக் என்ற பொதி வடிவில் போடுங்கள், அதிகாரப்பூர்வமாக வருவது அதுதான். உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்தில் இருப்பது பல நேரம் பழைய பதிப்பு.

மாற்றிப் பார்த்தபோது படத்தில் இன்னொரு கோளாறு. மணப்பெண் தேங்காய் உருட்டும்போது வளையல் போட்ட கை அசைந்தால் போதும், விளிம்பெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகப் பிரிந்தது. நம் ஊர் டிவிடி 'பால்' (PAL) என்ற டிவி முறையில் வரும்: 720-க்கு 576, நொடிக்கு 25 பிரேம், ஒவ்வொரு பிரேமும் இரண்டு பாதியாகப் பின்னப்பட்டது. அசைவில் அந்த இரண்டு பாதியும் ஒட்டாமல் நிற்பதுதான் இந்தக் கோடு. ஃபில்டர்ஸ் பகுதியில் இந்தக் கோட்டை நீக்கும் டீகோம்பைத் தேர்ந்து, முன்னமைவை 'பாப்' என்று வைத்தால் இரண்டு பாதியும் தனித்தனிப் பிரேமாகி நொடிக்கு 50 கிடைக்கும், அசைவு வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் பிரேம் எண்ணிக்கை 25 அல்லது 30 என்று முன்னமைவில் கட்டப்பட்டிருந்தால் கிடைத்ததை மறுபடி வெட்டிவிடும். அதை 50 ஆக்க மறக்கக் கூடாது. தர அளவான ஆர்எஃப்பை 19 வைத்தேன். இது குறையக் குறையத் தரம் கூடும்.

இந்தக் கணக்கே மேக்கில் தலைகீழாகிறது. மகளின் மேக்புக்கில் வீடியோடூல்பாக்ஸ் என்ற, மேக்கின் வன்பொருளிலேயே ஓடும் குறியாக்கியை வைத்து மாற்றினால் வேகம் பிரமாதம், ஐ3-யைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே முடியாது. ஆனால் அங்கே தர எண் கூடக்கூடத்தான் தரம் கூடும். பழக்கத்தில் 19 என்று இழுத்துவிட்டேன், முகங்கள் எல்லாம் கரைந்த மாதிரி வந்தன. மேக்கில் எனக்கு வந்த தொல்லை இது ஒன்றுதான். அவசரம் இல்லாத வேலையை இன்றும் எக்ஸ்264 என்ற மென்பொருள் குறியாக்கியில்தான் விடுகிறேன். நேரம் பிடிக்கும், ஆனால் அதே தரத்துக்குக் கோப்பு சிறிதாக வரும்.

குறை இல்லாமல் இல்லை. வீடியோவை மறுபடி குறியாக்கம் செய்யாமல் அப்படியே எம்கேவியிலிருந்து எம்பி4-க்கு நகர்த்த இதில் வழி கிடையாது, அதற்கு எஃப்எஃப்எம்பெக் என்ற வேறு கருவிதான். ஏவிஐ வடிவம் 2009-லேயே எடுக்கப்பட்டுவிட்டது, பழைய கார் பிளேயருக்குக் கேட்பவர்களுக்கு இது உதவாது. கடையில் விற்ற, பூட்டுப் போட்ட சினிமா டிஸ்க்கையும் தானாகத் திறக்காது. ஸ்டுடியோவில் எரித்த டிஸ்க்கில் அந்தப் பூட்டு இருக்காது என்பதால் என் வேலைக்கு அது தடையில்லை.

அக்கா வந்த அன்று கடையின் ஸ்பீக்கரிலேயே போட்டுக் காட்டினேன். பாட்டில் ஒன்பது நொடி மட்டும் வரவில்லை, படமும் குரலும் உறைந்து நின்று பிறகு தொடர்ந்தது. உறைந்த இடத்தில் வர வேண்டிய வரியை அக்காவே பாடினார், ஆத்தா குரல் திரும்பி வந்ததும் நிறுத்திக்கொண்டார். இரண்டு பென் டிரைவ் கொடுத்தேன். டிவியில் போடும் எம்பி4 ஒன்றில். இன்னொன்றை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்தேன், ஏனென்றால் 4 ஜிபிக்கு மேல் உள்ள கோப்பை ஃபேட்32 என்ற பழைய முறை ஏற்காது. அதில் அந்த ஐஎஸ்ஓவை அப்படியே போட்டிருக்கிறேன்.