அறுகம்பேயில் யாரைப் படம் பிடிப்பது: இன்ஸ்டாகிராம் ஆளா, போட்டிக்காரரா, சேர்ஃப் பழக்கும் தம்பியா?

தூரத்தில் நிற்பவரைக் கிட்ட இழுத்துக் காட்டும் 150-600 லென்ஸ் ஒன்று, பாவித்ததுதான், கைக்கு வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது, லென்ஸ் கிடைப்பது சுலபம், அதற்கு முன்னால் பாய்ந்து காட்ட ஆள் கிடைப்பதுதான் கஷ்டம் என்று. கல்லடிப் பாலத்தடியில் நீர்க்காகத்தையும் தோணியையும் எத்தனை நாளைக்கு எடுப்பது?

மட்டக்களப்பில் விளையாட்டுக்காரருக்குப் பஞ்சமில்லை. வெபர் மைதானத்துக்குப் போனால் பந்தடிப்பவர்கள் இருப்பார்கள். சித்திரை விளையாட்டு விழாவில் வழுக்குமரம் ஏறுகிறவனும் என் கணக்கில் சாகச வீரன்தான், ஆனால் அது வருடத்துக்கு ஒரு நாள். கடற்கரை வீதியில் மோட்டார் சைக்கிளின் முன்சில்லைத் தூக்கி ஓடும் பொடியன்கள் கேட்காமலே போஸ் கொடுப்பார்கள். அவர்களை நான் எடுப்பதில்லை. கமெராவைக் கண்டால் இன்னும் ஒரு சாண் தூக்குவான், விழுந்தால் அந்தப் பாவத்தில் பாதி என்னுடையது.

ஆக, மிஞ்சியது அலைச்சறுக்கு, அதுதான் சேர்ஃப். அதற்கு அறுகம்பே. கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று ஏ4 வீதியில் நூறு கிலோமீற்றருக்கு மேல். விடியலில் அங்கே நிற்க வேண்டுமானால் சாமம் மூன்று மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுக்க வேண்டும். அவ்வளவு தூரம் போய் ஆளில்லாமல் திரும்புவது பெரிய கொடுமை. ஆளைப் பிடிக்க மூன்று வழிகளைப் பார்த்துவிட்டேன். இப்போது ஒன்றில் நிலைத்துவிட்டேன்.

முதலில் இன்ஸ்டாகிராம். இடத்தின் பெயரைத் தேடினால் பத்து நிமிடத்தில் இருபது பேர் அகப்படுவார்கள், படத்தைப் பார்த்தே யார் கெட்டிக்காரர் என்று தெரிந்துவிடும். பதினான்கு பேருக்கு எழுதினேன். மூன்று பேர் பதில் போட்டார்கள். ஒருவர் வந்தார், வெளிநாட்டுக்காரர், அருமையான ஆட்டம். நாற்பது நல்ல படம் தந்துவிட்டு மறுநாள் எல்லவுக்குப் பஸ் ஏறிவிட்டார். இன்னொருவர் ஆறு மணிக்கு வருகிறேன் என்றவர், மத்தியானம் ‘அலை சரியில்லை, படுத்துவிட்டேன்’ என்று எழுதினார். கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தால் அவர் சொன்னது சரி. அன்றைக்கு அலையே இல்லை. அவருக்கு அது முதல்நாள் ராத்திரியே தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் தெரியாது.

இன்னொரு சங்கடம், நவம்பரில் வாடைக்காற்றோடு இங்கே சீசன் முடிந்ததும் பலர் வெலிகம, ஹிக்கடுவைப் பக்கம் போய்விடுகிறார்கள். நீங்கள் ஆசையோடு பார்த்துக்கொண்டிருக்கும் கணக்குக்காரர் இந்த நேரம் எந்தக் கரையில் நிற்கிறார் என்பதை முதலில் பாருங்கள்.

அடுத்தது போட்டி. 2019 செப்டெம்பரில் உலக சேர்ஃப் லீக்கின் தகுதிச்சுற்றுப் போட்டி ஒன்று அறுகம்பேயில் நடந்தது. அது போன்றவை வந்தால் விடாதீர்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நிறச் சட்டை போட்டிருப்பதால் யார் யார் என்று பிறகு குழம்பத் தேவையில்லை. தங்களுடைய மிகச் சிறந்த அலைகளுக்குத்தான் புள்ளி என்பதால் ஆளும் அடக்கி வாசிக்கமாட்டார். நான் நின்றது ஒரே ஒரு சின்ன உள்ளூர்ப் போட்டியில். அதை வைத்துப் பெரிதாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நல்ல இடத்தை மற்றவர்கள் முதலே பிடித்திருந்தார்கள், என் படமும் பக்கத்தில் நின்றவர் படமும் ஒரே அச்சாக இருந்தன, பின்னேரம் எல்லோரும் கலைந்துவிட்டார்கள். அதிலே யாருடைய பெயரையும் நான் கேட்டு வைக்கவில்லை. அது என் பிழை.

சரி, என் கட்சிக்கு வருகிறேன்: அங்கே சேர்ஃப் பழக்குகிற உள்ளூர்த் தம்பிமார்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கான சின்ன அலை அடிக்கும் பேபி பொயின்ற் பக்கம் பலகைகளைச் சாய்த்து வைத்துக்கொண்டு நிற்பார்கள். பகலில் சுற்றுலாக்காரருக்குப் பழக்குவது அவர்கள் பிழைப்பு, அந்த நேரத்தில் தொந்தரவு செய்யக்கூடாது. வெளிச்சம் வரும்போதும், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகும்தான் தங்களுக்காக அலையில் ஓடுவார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். இது தெரியாமல் ஒரு நாள் வெயிலில் காய்ந்தேன்.

கமெராவை நீட்டிக்கொண்டு போகவேண்டாம். தேத்தண்ணிக் கடையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, இன்றைக்கு அலை எந்த இடத்தில் நல்லது, மெயின் பொயின்ற்றா, விஸ்கி பொயின்ற்றா என்று கேட்டால் போதும். அதிலே பேச்சுத் தொடங்கும்.

“தம்பி, நீங்க ஓடக்குள்ள ரெண்டு படம் எடுக்கட்டா?”

“எடுங்க அண்ணன். ஆனா அனுப்பணும். எல்லாரும் எடுப்பாங்க, ஒருத்தரும் அனுப்புறல்ல.”

அனுப்பினேன், அன்றைக்கு ராத்திரியே. வட்ஸ்அப்பில் சும்மா போட்டால் படம் நைந்துவிடும், டொக்கியுமெண்டாக அனுப்ப வேண்டும். பன்னிரண்டு படத்தில் நான் தலைமேல் வைத்துக் கொண்டாடிய ஒன்றை அவர் கண்டுகொள்ளவே இல்லை. அடுத்த முறை நேரில் கேட்டேன். கமெராத் திரையில் தன் பின்காலைப் பெரிதாக்கிக் காட்டினார். “முழங்கால் பாருங்க, வெளிய போயிருக்கு. இது பிழை. அதோட அலைய வெட்டிட்டீங்க, குளத்துக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு.” எனக்குத் தெறித்த தண்ணீரும் அதில் பட்ட பொன்வெயிலும் மட்டும்தான் தெரிந்தன. அலை எவ்வளவு உயரம், அதில் ஆள் எந்த இடத்தில் நிற்கிறார் என்பது தெரியாவிட்டால் அது சேர்ஃப் ஓடுகிறவருக்குப் படமே இல்லை. அன்றிலிருந்து முழு லென்ஸையும் இழுப்பதை விட்டுவிட்டேன்.

நான் இந்த வழியில் நிற்பதற்குக் காரணம் இந்த ஒன்றுதான்: அதே ஆள் திரும்ப வருவாரா? மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். ஷட்டர் வேகம் 1/1600க்குக் குறையாமல் வைப்பது, உப்புக்காற்றுக்கு லென்ஸைத் துடைப்பது எல்லாம் எங்கும் கிடைக்கிற பாடம். ஆள் எங்கே திரும்புவார் என்பதை எந்தப் பாடமும் சொல்லாது. ஒரே தம்பியை நாலு விடியல் எடுத்த பிறகு, எழும்பி நின்றதும் தோளைத் தாழ்த்தினால் அடுத்த கணம் மேலே வெட்டுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் நாள் 900 படம் அடித்து ஏழு தேறியது. நாலாம் நாள் 300 அடித்து அதைவிடக் கூடத் தேறியது.

யாரைத் திரும்பத் திரும்ப எடுப்பது என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மெயின் பொயின்ற் அலை வலப்பக்கம் ஓடுகிற அலை. இடது காலை முன்வைத்து ஓடுகிறவர் அலையைப் பார்த்துக்கொண்டு ஓடுவார், கரையில் நிற்கிற உங்களுக்குப் பெரும்பாலும் முதுகுதான். வலது காலை முன்வைப்பவர் அலைக்கு முதுகு காட்டுவதால் முகம் உங்கள் பக்கம் வரும். அப்படி ஓடுகிறவர்கள் குறைவு. ஒருவர் கிடைத்தால் தேத்தண்ணிக் காசை நீங்களே கொடுங்கள்.

வெளிச்சமும் ஆளைத் தேர்கிறது. கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து வருவதால் காலையில் உங்களுக்கு எதிர்வெயில். பின்னேரம் வெயில் முதுகுப் பக்கம் வந்தாலும் கடற்காற்று தண்ணீரைக் குழப்பிவிடும். தண்ணீர் கண்ணாடியாக இருக்கும் விடியலில் உருவம் கறுப்பாகத்தான் விழும். அதற்குப் பெயர் பெற்ற ஆள் தேவையில்லை, உடம்பு அழகாக வளைகிற ஆள் வேண்டும்.

குறைகளும் உண்டு. காசு கொடுக்கிற மாணவர் வந்தால் உங்களை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், போகத்தான் வேண்டும். கரையில் படம் எடுத்துச் சுற்றுலாக்காரருக்கு விற்றுப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று வெள்ளைக்காரருக்கு இலவசமாகக் கொடுத்தால் அது சோற்றில் மண். நான் தம்பிமாருக்கு மட்டும்தான் சும்மா கொடுக்கிறேன்.

பெண் வீரர்கள் பற்றி என் அனுபவம் மிகக் குறைவு. 2018இல் அறுகம்பேயில் பெண்களுக்கென்றே ஒரு சேர்ஃப் கழகம் தொடங்கினார்கள், உள்ளூர்ப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். ஆனால் நீள லென்ஸோடு ஒரு ஆண் கரையில் நிற்பது எப்படித் தெரியும் என்று உங்களுக்கே விளங்கும். ஒரே ஒரு முறை, மனைவியையும் கூட்டிக்கொண்டு போய், வீட்டாரிடம் கேட்டு, படங்களை முதலில் அவர்களிடம் காட்டித்தான் எடுத்தேன். சின்னப் பொடியன்களுக்கும் இதே மாதிரித் தாய் தகப்பனைக் கேட்க வேண்டும்.

இப்போது அலை எப்போது வரும் என்று நான் தேடுவதில்லை. ராத்திரி ஒன்பது மணியளவில் வட்ஸ்அப்பில் அந்தத் தம்பியின் குரல் வரும்: “அண்ணன், நாளைக்கு நல்லா இருக்கும் போல. மூணு மணிக்கே வெளிக்கிடுங்க. போன கிழமை எடுத்த படத்தயும் கொண்டு வாங்க, வாப்பா பெரிசாக் கேட்டாரு.” பற்றரியைச் சார்ஜில் போட்டுவிட்டு, படத்தை எந்த அளவில் கழுவுவது என்று ஸ்டூடியோக்காரருக்குக் கோல் எடுத்தேன். கடையைப் பூட்டிவிட்டாராம்.