மோரியார்ட்டியின் பக்கத்துக் கதை: மூன்று பேரில் யாரை முதலில் படிப்பது?

துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸின் பரம எதிரி பேராசிரியர் மோரியார்ட்டி முதலில் தலைகாட்டியது 1893 டிசம்பரில், 'ஸ்ட்ராண்ட்' இதழில் வந்த கானன் டாயிலின் ஹோம்ஸ் கதையில். அதே கதையில் ரைக்கன்பாக் அருவியில் விழுந்தும் போனார். அதை நிதானமாக மறுபடி படித்துப் பாருங்கள். கதையைச் சொல்லும் ஹோம்ஸின் நண்பர் வாட்சன், மோரியார்ட்டியோடு ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. ரயில் நிலையக் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்த ஓர் உயரமான ஆள், மலைப்பாதையில் விரைந்து போன ஒரு கறுப்பு உருவம், இவ்வளவுதான் அவர் கண்ணில் பட்டது. மற்றதெல்லாம் ஹோம்ஸ் சொல்லித் தெரிந்தது. ஆக, நம்மிடம் இருப்பது ஒரு தரப்பு வாக்குமூலம் மட்டும்.

மறுதரப்பை எழுத வந்தவர்கள் பலர். அவர்களில் ஜான் கார்ட்னர், மைக்கேல் கர்லேண்ட், கிம் நியூமன் மூவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மூவருக்கும் வில்லன் ஒருவர்தான், ஆனால் பேனா வெவ்வேறு ஆளின் கையில் இருக்கிறது. என்னைக் கேட்டால், இந்த வகை நாவல் நிற்பதும் விழுவதும் அந்தக் கையைப் பொறுத்ததுதான்.

கார்ட்னரின் 'த ரிட்டர்ன் ஆஃப் மோரியார்ட்டி' 1974-இல் வந்தது. சங்கேத மொழியில் எழுதிய மோரியார்ட்டியின் நாட்குறிப்புகள் கிடைத்ததாகச் சொல்லிக் கதை தொடங்குகிறது. இவருடைய மோரியார்ட்டி அசல் பேராசிரியரே இல்லை. அண்ணனைக் கொன்றுவிட்டு அவர் வேஷத்தில் உலவும் தம்பி! நிழல் உலகத்தை ஒரு தொழிலாக நடத்துகிற தலைவன். வேவு பார்ப்பவர்கள், ஜேப்படிக்காரர்கள், திருட்டுப் பொருளை வாங்கி விற்பவர்கள் என்று ஆளுக்கொரு வேலை. வலையின் நடுவில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் சிலந்தி என்று ஹோம்ஸ் சொன்னாரே, அந்த வலையின் இழைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதுதான் புத்தகம். ஆனால் கதையைச் சொல்லும் குரலில் சூடு இல்லை. போலீஸ் அறிக்கை படிப்பது போல வெளியே நின்றே பார்க்கிறோம்.

கர்லேண்ட் 1970-களின் இறுதியில் 'தி இன்ஃபெர்னல் டிவைஸ்' எழுதினார். கான்ஸ்டான்டிநோபிளில் சிறைப்பட்ட ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர், மோரியார்ட்டியின் உதவியால் வெளியே வந்து அவருக்கு வேலை பார்க்கிறார். இங்கே மோரியார்ட்டி ஒரு விஞ்ஞானி, ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டித்தான் திருட்டு. எங்கே எது நடந்தாலும் இவர் கைவரிசைதான் என்று துரத்துகிறார் ஹோம்ஸ். படிக்க ஜாலியான புத்தகம், ரத்தமும் குறைவு. என் மனக்குறை ஒன்றுதான். வில்லனை நல்லவனாக்கிவிட்டால், அப்புறம் அது வில்லன் பக்கத்துக் கதையா? நாயகனும் வில்லனும் நாற்காலி மாற்றி உட்கார்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

நியூமனின் 'தி ஹவுண்ட் ஆஃப் த டர்பர்வில்ஸ்' வந்தது 2011-இல். ஏழு கதைகள். சொல்பவன் கர்னல் செபாஸ்டியன் மோரன், மோரியார்ட்டியின் துப்பாக்கிக் கை. ஹோம்ஸுக்கு வாட்சன் எப்படியோ, இங்கே மோரியார்ட்டிக்கு மோரன் அப்படி. ஹோம்ஸின் முதல் நாவலில் பிணமாகக் கிடக்கும் டிரெபர், இங்கே ஆளைத் தீர்த்துக்கட்டக் கூலி பேச வரும் வாடிக்கையாளர். அந்த ஒரு திருப்பத்திலேயே நான் விழுந்துவிட்டேன். பழைய கதையில் ஒரு வரிகூட மாறவில்லை, ஆனால் அந்த ஆள் மேல் நமக்கிருந்த பார்வை மாறிவிடுகிறது.

மோரன் தன்னை நியாயப்படுத்துவதே இல்லை. வேட்டை, சீட்டாட்டம், கொலை எல்லாமே அவனுக்கு ஒரே விளையாட்டு. பெண்களைப் பற்றியும் காலனி நாட்டு மக்களைப் பற்றியும் அவன் வாயில் வருவது படிக்கவே கூசும். ஆனாலும் அது தேவை என்றே நினைக்கிறேன். ஈட்டனும் ஆக்ஸ்ஃபோர்டும் படித்து, பெங்களூர் பயனியர்ஸ் படையில் அதிகாரியாக இருந்தவன் என்று கானன் டாயிலே எழுதிவைத்த ஆள் அவன். கண்ணியமான கனவான் என்று ஊர் மதித்த ஒருவனின் தலைக்குள் என்ன ஓடியது என்பதை கார்ட்னரும் காட்டவில்லை, கர்லேண்டும் காட்டவில்லை.

ஆகவே என் ஓட்டு நியூமனுக்கு. லண்டனின் நிழல் உலகத்தைப் பார்க்க ஆசை என்றால் அடுத்தது கார்ட்னர். கொடூரம் ஒத்துவராது என்பவர்கள் கர்லேண்டிலிருந்து தொடங்கலாம், தப்பில்லை.

ஒன்று மட்டும். நியூமன் பக்கத்துக்குப் பக்கம் அந்தக் காலத்து நாவல்களைத் தொட்டுக்கொண்டே போவார், பழக்கமில்லாதவர்களுக்குத் தலை சுற்றும். குறைந்தபட்சம் டாயிலின் 1893 கதையையும், மோரன் பிடிபடும் 1903 கதையையும் முதலில் படித்துவிடுங்கள். காயம்பட்ட ஆட்கொல்லிப் புலியைத் தேடி மோரன் ஒரு வடிகாலுக்குள் தவழ்ந்து போனதை, இரண்டாவது கதையில் ஹோம்ஸ் ஒரே வரியில் சொல்வார். நியூமனைத் திறக்கும்போது அந்த வரி நினைவில் இருக்கட்டும்.