நியூயார்க் வழியில் இடிமழை: யாரைத் தரையில் நிறுத்துவது?

ஜூலை மாத மாலை. ஒஹாயோ, பென்சில்வேனியா மேலே இடிமேகம் வரிசை கட்டி நிற்கிறது. சிகாகோவிலிருந்து நியூயார்க் வரும் விமானங்களின் வழியே அதுதான். கடும் இடிமேகத்தை விட்டு 20 மைலாவது தள்ளிப் போகச் சொல்வது அமெரிக்க நடைமுறை. அதனால் இரண்டு மேகங்களுக்கு நடுவே 30 மைல் இடைவெளி தெரிந்தாலும் அது வழி ஆகாது.

நாடு முழுக்க விமான ஓட்டத்தைச் சீர்படுத்தும் மையம் வர்ஜீனியாவின் வாரன்டனில் இருக்கிறது. அந்த மையம் முன்பு கையில் எடுத்தது ‘கிரவுண்ட் டிலே புரோகிராம்’. நியூயார்க் விமான நிலையத்துக்கு மணிக்கு இத்தனை விமானம் என்று குறைத்து, ஒவ்வொன்றுக்கும் தாமதமான புறப்பாட்டு நேரம் கொடுப்பார்கள். விமான நிலையத்தின் மேலேயே மழை என்றால் சரி. ஒஹாயோவில் மழை என்றால்? மயாமியிலிருந்து கடலோரமாக வரும் விமானம் அந்த மேகத்தைப் பார்க்கப் போவதே இல்லை; அதுவும் சேர்ந்து காத்திருக்கும். காய்ச்சல் ஒருவனுக்கு, கஷாயம் வீடு முழுக்க.

2006 கோடையில் வந்த ‘ஏர்ஸ்பேஸ் ஃப்ளோ புரோகிராம்’ இதைச் சரிசெய்தது. வானத்தில் ஒரு கோடு போட்டு, அதைக் கடக்கும் விமானங்களுக்கு மட்டும் தாமதம். காத்திருக்க மனமில்லாத நிறுவனம் கனடா பக்கமாகச் சுற்றிப் போகலாம். எரிபொருள் கூடும், அவ்வளவுதான். என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் இரண்டுமே முன்னறிவிப்பை நம்பித்தான் ஓடுகின்றன. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க்குக்கு 5 மணி நேரத்துக்கு மேல். அந்த விமானத்தை நிறுத்துவதா என்று முடிவெடுக்கும்போது மேகமே பிறந்திருக்காது. 4, 6, 8 மணி நேரம் முன்னால் பார்த்து, 2 மணிக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வரைபடத்தில் பெரிய பெரிய கட்டங்கள் இருக்கும். ‘மழை சிதறலாக’ என்று குறித்த கட்டத்துக்குள் பெரும்பகுதி வெறும் வானம்தான். இடைவெளி நம் வழியில் விழுமா என்பதை மட்டும் அது சொல்லாது.

ரேடாரை வைத்து 5 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் 2 மணி நேரக் கணிப்பை இதைவிட நம்பலாம். அதற்குள் லாஸ் ஏஞ்சல்ஸ் விமானம் பாதி வழி வந்திருக்கும். மேகம் நியூயார்க்கையே நெருங்கிவிட்டால், அப்புறம் தரையில் மிச்சம் இருப்பது யார்? பாஸ்டன், வாஷிங்டன் பயணிகள். புறப்படவே விடாத கடைசி நேரத் தடையான ‘கிரவுண்ட் ஸ்டாப்’ பெரும்பாலும் இவர்கள் தலையில்தான் விழுகிறது. தூரத்து விமானத்தை முன்கூட்டி நிறுத்தத் துணியாததன் கணக்கைப் பக்கத்து ஊர்க்காரர் தீர்க்கிறார்.

வாஷிங்டனிலிருந்து நியூயார்க்குக்கு ரயிலில் 3, 3½ மணி நேரம்தான். அப்படியொரு மாலையில் நான் ரயிலுக்குத்தான் டிக்கெட் எடுப்பேன்.