'செட்' பொத்தானை அழுத்தாமல் போன மூன்று வாரங்கள்

ரேம் விலை ஏறிக் கிடக்கும் நேரத்தில் நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "வீட்டுக் கணினியில் 8 ஜி.பி. ரேம்தான் இருக்கிறது. இன்னொன்று வாங்குவதற்குப் பதில் வர்ச்சுவல் மெமரியைக் கூட்டி வைத்தால் போதுமா? எவ்வளவு வைப்பது?" ரேம் என்ற நினைவகம் போதாதபோது சேமிப்பகத்தின் ஒரு பகுதியையும் நினைவகம் போலப் பயன்படுத்துவதுதான் வர்ச்சுவல் மெமரி; அதற்காக ஒதுக்கும் கோப்புக்குப் பேஜ் ஃபைல் என்று பெயர். அவருக்கு ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இந்த விஷயத்தில் நான் பட்டது அவ்வளவு.

என் கணினியும் 8 ஜி.பி.தான், 2021இல் வாங்கியது. விண்டோஸ் இருப்பது 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. என்ற வேகமான சேமிப்பகத்தில், பழைய கோப்புகளுக்குத் தனியாக ஒரு ஹார்டு டிஸ்க். வீட்டிலிருந்தபடியே அழைப்பிதழ்களும் விழா மலர்களும் வடிவமைத்துக் கொடுக்கிறேன். ஒருமுறை பழுதுபார்க்க வந்தவர், "எழுத எழுத எஸ்.எஸ்.டி. சீக்கிரம் தேய்ந்துவிடும், இடமும் மிச்சமாகும்" என்று சொல்லி, பேஜ் ஃபைலை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றி, அளவை 2 ஜி.பி. என்று கட்டிவைத்துவிட்டுப் போனார். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அதற்குப் பிறகு ஒன்றரை ஆண்டு நான் நிம்மதியாக வேலை செய்யவில்லை.

ஒரு கோயில் குடமுழுக்கு மலர், 120 பக்கம், பக்கத்துக்குப் பக்கம் புகைப்படம். படங்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே நினைவகம் போதவில்லை என்று ஓர் அறிவிப்பு வரும்; அடுத்த நிமிடம் மென்பொருள் மூடிக்கொள்ளும். கணினியில் என்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால், பயன்படுத்தக் கிடைக்கும் 7.8 ஜி.பி. ரேமில் 6.1தான் பயன்பாட்டில் இருக்கும். இடம் இருக்கிறதே, பிறகு ஏன் என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

பார்க்க வேண்டிய எண் அதற்குக் கீழே இருந்தது. 'கமிட்டட்' என்ற சொல்லுக்கு அடியில் 9.6/9.8 என்று. மென்பொருள் நினைவகம் கேட்கும்போது, விண்டோஸ் அதற்கு இடம் தருவதாக வாக்குக் கொடுக்கிறது. பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல. இருக்கை காலியாகத் தெரியும், ஆனால் வேறு யாரும் உட்கார முடியாது. அப்படிக் கொடுத்த வாக்குகளின் மொத்தம், ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த அளவைத் தாண்ட முடியாது. என் கணினியில் 7.8உம் 2உம் சேர்ந்து 9.8. அவ்வளவுதான் என் எல்லை. அதைத் தொட்டதும் எதுவும் திறக்காது, திறந்திருப்பதும் நிலைக்காது.

காரணம் புரிந்தபின் மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். சிஸ்டம் ப்ராபர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸ், மறுபடியும் ஓர் அட்வான்ஸ்டு, அதற்குள் வர்ச்சுவல் மெமரி, சேஞ்ச். ஜன்னலுக்குள் ஜன்னலாக இறங்க வேண்டும். உள்ளே எல்லாம் எம்.பி. கணக்கு, 6 ஜி.பி. வேண்டுமென்றால் 1024ஆல் பெருக்கி 6144 என்று எழுத வேண்டும். தொடக்க அளவாக அதை எழுதினேன். உச்ச அளவுக்கு 12288. ஓகே கொடுத்தேன். வேலை முடிந்தது என்று நம்பினேன்.

முடியவில்லை. அந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் 'செட்' என்று ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தாமல் ஓகே கொடுத்தால் எழுதிய எண்கள் போன இடம் தெரியாது. ஓர் எச்சரிக்கை இல்லை, ஒரு கேள்வி இல்லை. மூன்று வாரம் புதிய அளவில் ஓடுவதாக நினைத்துக்கொண்டு பழைய அளவிலேயே வேலை செய்தேன். மலரின் 40 பக்கங்களை இரண்டாம் முறை அடுக்க வேண்டியதாயிற்று. இத்தனை ஆண்டுகளில் இந்த ஒரு ஜன்னலைச் சரிசெய்ய யாருக்கும் தோன்றவில்லையே என்று இன்றும் கோபம் வருகிறது.

சரியாக மாற்றிய நாளிலிருந்து மென்பொருள் ஒருமுறைகூடத் தானாக மூடிக்கொள்ளவில்லை. பேஜ் ஃபைலை எஸ்.எஸ்.டி.க்கே திரும்பக் கொண்டுவந்ததும் பெரிய மாற்றம். ஹார்டு டிஸ்க்கில் ஒவ்வொரு தேடலுக்கும் தகவலைப் படிக்கும் முள் நகர வேண்டும். அதற்குச் சில மில்லி விநாடிகள் பிடிக்கும். எஸ்.எஸ்.டி.யில் அந்தக் காத்திருப்பே இல்லை. தேய்ந்துவிடும் என்றார்களே, அதன் ஆரோக்கியம் இப்போதும் 91 விழுக்காடு காட்டுகிறது.

தோராயமாகப் போட்ட அந்த அளவு போதுமா என்று பார்க்க, மாற்றியபின் நான் செய்தது இதுதான்: வழக்கமாக ஒரே நேரத்தில் திறக்கும் அத்தனையையும் திறந்துவைத்துக் கமிட்டட் எண்ணைப் பார்த்தேன். 13.4 வந்தது. ரேமைக் கழித்தால் 5.6. அதனால் தொடக்கம் 6, உச்சம் அதன் இருமடங்கு என்பதையே வைத்துக்கொண்டேன். ரேமின் ஒன்றரை மடங்கு என்ற பழைய விதி ரேம் குறைவாக இருந்த காலத்துக்கானது. 32 ஜி.பி. உள்ளவர் அதன்படி 48 ஜி.பி. ஒதுக்கினால் எஸ்.எஸ்.டி.யில் இடம்தான் வீண். இடம் தாராளமாக இருப்பவர்கள் விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாம். அது நன்றாகவே பார்த்துக்கொள்கிறது. என் எஸ்.எஸ்.டி. எப்போதும் நிரம்பி வழிவதால்தான் நான் கட்டிவைத்திருக்கிறேன்.

இந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. 1962இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில், வேகமான சிறிய நினைவகத்தையும் மெதுவான பெரிய காந்த உருளையையும் ஒன்றாகக் காட்டிய அதே யோசனைதான் இன்று என் மேசையில் ஒரு மலரைக் காப்பாற்றுகிறது.

ஆனாலும் போன வாரம் நான் இன்னொரு 8 ஜி.பி. ரேம் வாங்கிப் போட்டுவிட்டேன், ஏறிய விலையிலேயே. பேஜ் ஃபைல் சாகவிடாது, ஆனால் வேகம் தராது. படத்தைப் பெரிதாக்கும்போதெல்லாம் கை சுட்டியின் மேல் காத்திருந்தது போதும் என்றாகிவிட்டது. 16 ஆனபிறகும் பேஜ் ஃபைலை எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன்.

நண்பருக்கும் அதையே சொன்னேன்: முடிந்தால் ரேம் வாங்குங்கள். அதுவரை 6144, 12288 போட்டுப் பாருங்கள். போட்டதும் செட் அழுத்துங்கள், பிறகுதான் ஓகே. கணினியை ரீஸ்டார்ட் செய்ததும் டாஸ்க் மேனேஜரில் கமிட்டட் என்பதற்கு அடியில் சாய்கோட்டுக்கு வலப்பக்கம் என்ன எண் இருக்கிறது என்று எனக்குப் படித்துக் காட்டுங்கள்.